இடது தடம் இரவல்

ஜெர்மனியின் பான் நகருக்கு வந்து ஒரு வருடம் ஓடியதும் நம் பிள்ளைகளுக்குக் கார் ஆசை வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர்களானாலும் சரி, டெலிகாமிலோ போஸ்ட் டவரிலோ வேலைக்குச் சேர்ந்தவர்களானாலும் சரி, இதில் வித்தியாசம் இல்லை. பழைய கோல்ஃபோ ஸ்கோடாவோ வாங்கி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "அங்கிள், ஆட்டோபானில் எவ்வளவு வேகம் போகலாம்?"

வேகத்தைப் பற்றிக் கடைசிப் பக்கமாகத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் அந்த விரைவுச்சாலையில் எந்தத் தடத்தில் போவது என்று தெரிய வேண்டும். இந்த நாட்டுக்காரர்கள் வேகத்தில் இவ்வளவு தாராளமாக இருப்பதே, தடத்தில் துளியும் தாராளம் காட்டாததால்தான்.

1. முதலில் லைசென்ஸ். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு, இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் ஓட்டலாம். அதற்கப்புறம் ஜெர்மன் லைசென்ஸ்தான். எழுத்துத் தேர்வு உண்டு, ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். புதிதாகக் கற்றுக்கொள்ளும் உள்ளூர்ப் பிள்ளைகள் 12 சிறப்புப் பாடங்களை ஓட்டியாக வேண்டும்: ஊருக்கு வெளியே 5, ஆட்டோபானில் 4, இருட்டில் 3, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஏற்கெனவே இந்திய லைசென்ஸ் உள்ளவர்களுக்கு இது கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றதும் காசு மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். மற்ற எட்டை விட்டாலும் ஆட்டோபான் நாலையும் காசு கொடுத்து ஓட்டிவிடுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது.

2. வலது தடம்தான் உங்கள் தடம். இங்கே வண்டி ஓடுவது வலப்பக்கம், முந்துவது இடப்பக்கம். இதைக் கை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். மனம் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும். சென்னை–திருச்சி சாலையில் லாரிக்காரர் முந்தும் தடத்தில் 50-இல் ஏறி உட்கார்ந்துகொள்வார். நாமும் மறுபக்கமாக நுழைந்து அவரைக் கடப்போம். அதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். ஓரத் தடத்தில் மாட்டு வண்டி, எதிர்த்திசையில் வருகிற பைக், நிறுத்திவைத்த டிராக்டர், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் என்று எல்லாம் இருக்க, அந்தத் தடத்தை நம்பி 20 டன் சரக்கை ஓட்டுகிறவர் எப்படிப் போவார்? அங்கே அது தற்காப்பு. இங்கே ஓரத் தடத்தில் அப்படி எதுவும் இல்லை. நடந்து போகிறவரும் சைக்கிளும் ஆட்டோபானுக்குள்ளேயே வர முடியாது. 60-க்கு மேல் ஓட முடியாத எந்த வண்டிக்கும் அனுமதி கிடையாது. பழைய பயத்தைக் கொண்டுவந்து இடது தடத்தில் குடியேறாதீர்கள்.

மூன்று தடம் இருந்தால் சட்டம் கொஞ்சம் இரங்குகிறது. வலது தடத்தில் அவ்வப்போது வண்டிகள் இருக்கிற வரைக்கும் நடுத்தடத்தில் தொடர்ந்து போகலாம். வலது தடம் காலியாகக் கிடக்க, நடுவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவது குற்றம். அடுத்தவருக்கு அது இடைஞ்சலாக இருந்தால் 80 யூரோவும், ஃப்ளென்ஸ்பூர்க் நகரிலுள்ள போக்குவரத்துக் குற்றப் பதிவேட்டில் ஒரு புள்ளியும். அங்கே 8 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும்.

வரிசையாக லாரிகள் போகும்போது ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து புகுந்து வெளியே வர வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஓட்டுநர் பயிற்சியில் சொல்லும் கணக்கு 20 வினாடி. வலது தடத்துக்குத் திரும்பினால் வேகத்தைக் குறைக்காமல் 20 வினாடியாவது அங்கேயே போக முடியும் என்றால் திரும்ப வேண்டும். 130-இல் 20 வினாடி என்றால் 700 மீட்டருக்கு மேல். நல்ல பெரிய இடைவெளி.

3. தடம் மாறுமுன் கண்ணாடியை இரண்டு தடவை பாருங்கள், நடுவில் ஒரு வினாடி விட்டு. பின்னால் தெரிகிற விளக்கு தூரத்தில் இருந்தால் நமக்கு நேரம் இருக்கிறது என்றே நம்மூர்க் கண் முடிவு செய்யும். இங்கே தூரத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முதல் பார்வைக்கும் இரண்டாவது பார்வைக்கும் நடுவில் அந்த விளக்கு எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வலது தடத்தில் 85-இல் ஒரு நீள லாரி போகிறது. நீங்கள் 110-இல் அதைக் கடக்கிறீர்கள். 50 மீட்டர் பின்னாலிருந்து விலகி, கடந்து, 50 மீட்டர் முன்னால் போய்த் திரும்புவதென்றால், இரண்டு வண்டிகளின் நீளத்தையும் சேர்த்து லாரியைவிட 120 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். உங்கள் வேக வித்தியாசம் வினாடிக்கு 7 மீட்டர்தான். ஆக, 17 வினாடி இடது தடத்தில் இருப்பீர்கள். அந்தத் தடத்தில் 200-இல் ஒருவர் வந்தால், அவர் உங்களை வினாடிக்கு 25 மீட்டர் நெருங்குகிறார். 17 வினாடியில் 425 மீட்டர். நீங்கள் இண்டிகேட்டர் போட்டபோது கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்தவர், நீங்கள் திரும்புவதற்குள் உங்கள் பம்பருக்குப் பின்னால் நிற்பார்.

ஆகவே வரிசை இது: உள் கண்ணாடி, வெளிக் கண்ணாடி, இண்டிகேட்டர், மறுபடி வெளிக் கண்ணாடி, பிறகு தோளுக்கு மேலே ஒரு பார்வை. கடைசியில் சொன்னதை நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள், தேர்வில் கோட்டை விடுவதும் அதனால்தான். கண்ணாடி காட்டாத மூலை ஒன்று எல்லாக் காரிலும் உண்டு. இண்டிகேட்டர் போட்டுவிட்டால் இடம் நமக்குச் சொந்தம் என்று நினைக்கக் கூடாது. அது கேட்பது மட்டும்தான்.

4. முந்தினால் முந்துங்கள். ஒட்டிக்கொண்டே பக்கவாட்டில் ஊர்வலம் போகாதீர்கள். முந்துகிறவர் கணிசமாகக் கூடுதல் வேகத்தில் போக வேண்டும் என்பது இங்கே சட்டம். மேலே சொன்ன லாரியை 110-க்குப் பதில் 130-இல் கடந்தால் 17 வினாடி 10 வினாடியாகிவிடும். தடம் மாறிய பிறகு ஆக்ஸிலரேட்டரைத் தேடக் கூடாது. பின்னால் யாரும் இல்லை என்று உறுதியானதும் வலது தடத்திலேயே வேகம் பிடிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

லாரிகள் ஒன்றையொன்று நிமிடக்கணக்கில் முந்துவதை இங்கே யானைப் பந்தயம் என்பார்கள். நம் ஜனங்கள் காமாட்சி அம்பாள் தேருக்குப் போகிறார்களே அந்த ஹாம் நகரம், அங்கே இருக்கிற மேல்நிலை நீதிமன்றம்தான் 2008-இல் இதற்கு ஓர் அளவு சொன்னது: முந்துவது 45 வினாடிக்குள் முடிய வேண்டும், அதற்கு மணிக்கு 10 கி.மீ. அளவாவது வேக வித்தியாசம் வேண்டும். லாரிக்காரருக்குச் சொன்னதுதான். ஆனால் குரூஸ் கன்ட்ரோலை 121-இல் வைத்துவிட்டு, 118-இல் போகிறவரை ஓசையில்லாமல் கடக்கப் பார்க்கிற நம் ஐ.டி. தம்பிகளும் இதைப் படிப்பது நல்லது. அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டால் கால் தூங்கிவிடுகிறது, காலோடு தலையும்.

5. "நான் 130-இல்தானே போகிறேன்" என்ற வாதம் வேண்டாம். படித்த பிள்ளைகளிடம்தான் இது அதிகம் வருகிறது. அரசாங்கமே பரிந்துரைத்த வேகம் 130. நான் அந்த வேகத்தில் இடது தடத்தில் போகிறேன். என்னைவிட வேகமாகப் போக நினைப்பவன்தான் தப்பு. நான் ஏன் வழிவிட வேண்டும்?

ஏனென்றால் அந்தத் தடம் வேகத்துக்கு ஒதுக்கியது இல்லை, முந்துவதற்கு ஒதுக்கியது. 90-இல் போகிற நீங்கள் 80-இல் போகும் லாரியை முந்த அதை எடுத்துக்கொள்ளலாம். 180-இல் போகிறவர் உங்களை முந்த எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்தால் இரண்டு பேரும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த வேகத்தில் போனாலும் அது யாருக்கும் பட்டா ஆகாது. 120 என்று பலகை வைத்திருக்கிற இடத்தில் நீங்கள் 120-இல் போனாலும், வலது தடம் காலியாக இருந்தால் அங்கேதான் போக வேண்டும். பின்னால் வருகிறவர் வேக வரம்பை மீறினால் அதைக் கவனிக்க கேமராவும் போலீஸும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு உங்களை யாரும் நியமிக்கவில்லை.

6. முன்னால் ஒருவர் இடது தடத்தில் ஊர்ந்தால், பொறுங்கள். வலப்பக்கமாக ஏறிக் கடக்க வேண்டும் என்று நம்மூர்க் கை துடிக்கும். ஊருக்கு வெளியே அப்படிக் கடந்தால் 100 யூரோ, ஒரு புள்ளி. அவர் செய்வது தப்புதான். அந்தத் தப்பு உங்களுக்கு உரிமை ஆகிவிடாது. விதிவிலக்கு நெரிசலில் மட்டும். எல்லாத் தடமும் வரிசை கட்டி ஊர்கிறபோது வலது வரிசை சற்று வேகமாக நகரலாம். இடது வரிசை நின்றுவிட்டாலோ 60-க்குள் ஊர்ந்தாலோ, அதைவிட 20 கி.மீ. வரை கூடுதலாக, கவனத்தோடு வலப்பக்கம் கடக்கலாம்.

7. நெருக்காதீர்கள், நெருக்கினால் பதறாதீர்கள். வேகமானியில் காட்டும் எண்ணில் பாதி, மீட்டரில், முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 100 என்றால் 50 மீட்டர், 130 என்றால் 65. சாலையோர வெள்ளைக் கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கின்றன, அளவுகோலைத் தேட வேண்டியதில்லை. பாலத்தின் மேலிருந்து கேமரா வைத்து இந்த இடைவெளியை அளக்கிறார்கள். மிகவும் நெருங்கிப் போனால் புள்ளிகளோடு ஒரு மாதம் ஓட்டத் தடையும் வரும்.

ஹெட்லைட் சிமிட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு வெளியே, முந்தப்போகிறேன் என்று தெரிவிக்க ஒருமுறை சிமிட்டுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அதைக் கண்டு ரோஷப்பட வேண்டாம். ஒட்டிக்கொண்டு வந்து திரும்பத் திரும்ப அடித்தால் அது வேறு. நீதிமன்றத்தில் வற்புறுத்தல் குற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். நீங்கள் ஒரு லாரியை முந்தி முடித்ததும் அந்த லாரிக்காரர் சிமிட்டினால், "வண்டி முழுசும் தாண்டியாச்சு, உள்ளே வா" என்று அர்த்தம். அது நல்ல மனசு.

2003 ஜூலையில் கார்ல்ஸ்ரூ அருகே ஏ5 ஆட்டோபானில் நடந்ததை இந்த நாடு இன்னும் மறக்கவில்லை. சின்ன கார் ஒன்றில் 21 வயதுத் தாயும் 2 வயது மகளும். பின்னால் மிகுந்த வேகத்தில் வந்த ஒருவர் கிட்டத்தில் நெருங்கினார். இரண்டு வண்டியும் உரசவே இல்லை. பதறி விலகியதில் சின்ன கார் கட்டுப்பாடு இழந்து மரத்தில் மோதி, இருவரும் இறந்துபோனார்கள். நெருக்கியவர் அடுத்த ஆண்டு தண்டிக்கப்பட்டார்.

உங்களை ஒருவர் அப்படி நெருக்கும்போது செய்ய வேண்டியது புதிதாக ஒன்றும் இல்லை. வேகத்தைக் கூட்ட வேண்டாம்; பாடம் கற்பிக்க பிரேக்கைத் தொடவே வேண்டாம்; ஸ்டியரிங்கை வெடுக்கென்று வெட்டவும் வேண்டாம். எடுத்த முந்தலை முடித்து, இண்டிகேட்டர் போட்டு, நிதானமாக வலப்பக்கம் வாருங்கள். சில வினாடியில் அவர் போய்விடுவார். போகும்போது ஒரு விரலைக் காட்டினால் பதிலுக்குக் காட்டாதீர்கள், இங்கே அதற்கும் வழக்கு உண்டு.

8. ஏறும்போது தயங்காதீர்கள். வேகம் பிடிக்கும் ஓடுதடத்தைக் கொடுத்திருப்பதே அங்கே வேகம் பிடிக்கத்தான். 60-இல் போய் முனையில் நின்று வழி கேட்டால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார்? சாலையில் ஏற்கெனவே ஓடுகிறவருக்குத்தான் முன்னுரிமை; அவர் இடப்பக்கம் ஒதுங்கி இடம் கொடுத்தால் அது மரியாதை, கடமை இல்லை.

9. வேலை நடக்கிற இடம். ஜெர்மன் ஆட்டோபானில் எங்கேயாவது தோண்டிக்கொண்டேதான் இருப்பார்கள். தடங்களை ஒடுக்கி, இடது தடத்துக்கு 2.1 மீட்டர் அகலம் என்று பலகை வைத்திருப்பார்கள். அந்த அளவு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தது. வண்டிப் பதிவுத்தாளில் போட்டிருக்கும் அகலத்தில் கண்ணாடி சேராது. புதிய குடும்பக் கார்களில் பல இந்த அளவைத் தாண்டிவிடும். உங்கள் வண்டியை டேப் வைத்து ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். தாண்டினால் வலது தடத்தில் லாரிக்குப் பின்னாலேயே போக வேண்டியதுதான். தடம் முடிகிற இடத்தில், நாகரிகம் என்று நினைத்து அரை கிலோமீட்டர் முன்னாலேயே ஒதுங்கி நிற்காதீர்கள். முடிகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து ஒன்று விட்டு ஒன்றாகச் சேர்வதுதான் முறை.

10. நெரிசல் தொடங்கும்போதே ஆம்புலன்ஸுக்கு வழி. சைரன் கேட்ட பிறகு ஒதுங்குவது நம் பழக்கம். இங்கே வண்டிகள் நடைவேகத்துக்கு வந்தவுடனேயே ஒதுங்கிவிட வேண்டும், ஆம்புலன்ஸ் வந்தாலும் வராவிட்டாலும். வலது கையைப் புறங்கை மேலே தெரிய விரித்துப் பாருங்கள். கட்டை விரல் இடது தடம். அது இடப்பக்கம் ஒதுங்கும். மற்ற விரல்கள் மற்றத் தடங்கள்; அவை எல்லாம் வலப்பக்கம். நடுவில் உள்ள இடைவெளிதான் வழி. ஒதுங்காவிட்டால் 200 யூரோ, 2 புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. ஆம்புலன்ஸ் போனதும் அதன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போகிற ஊர் வித்தையை நினைக்கவும் வேண்டாம்.

11. இப்போது வேகம். வெள்ளை வட்டத்துக்குள் சாய்ந்த கோடுகள் உள்ள பலகை வந்தால் வரம்பு முடிந்தது. காருக்கு வேகத்தில் மேல்வரம்பு இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் சில மாதம் 100 என்று வரம்பு போட்டார்கள்; கார்க்காரர்களின் கூச்சலில் 1974 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு, 130 என்று ஒரு பரிந்துரையை வைத்தார்கள். அது இன்றைக்கும் பரிந்துரைதான். 2021-இல் செக் நாட்டுக் கோடீஸ்வரர் ஒருவர் ஏ2-இல் புகாட்டியை 417-இல் ஓட்டினார். விசாரணை நடந்து கைவிடப்பட்டது. ஆனால் பரிந்துரை என்பதால் அதற்குப் பல் இல்லை என்று எண்ணாதீர்கள். 130-க்கு மேல் போய் விபத்தில் மாட்டினால், தப்பு எதிராளியுடையதாகவே இருந்தாலும், இழப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம் என்று 1992-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஓட்டுநர் பள்ளியில் கற்றுத்தரும் சூத்திரம் ஒன்று உண்டு. வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், நீங்கள் உணர்வதற்குள் ஓடும் தூரம். பத்தால் வகுத்ததை அதனாலேயே பெருக்கினால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம். இரண்டையும் கூட்டினால், 100-இல் நிற்க 130 மீட்டர். 130-இல் 208. 200-இல் 460. வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்கு. மழை பெய்தால் இந்தக் கணக்கும் நம்மைக் காப்பாற்றாது.

என்னைக் கேட்டால் நாடு முழுவதும் 130 என்று வைத்துவிடலாம். ஏடிஏசி கார் சங்கமே 2020 முதல் வரம்பைக் கொள்கையளவில் எதிர்ப்பதில்லை. ஆனால் வரம்பு வந்தாலும் இடது தடத்து விதி மாறாது. உங்களுக்கு நான் சொல்கிற வேகம், முதல் ஆறு மாதம் 120. அந்த வேகத்தில் லாரிகளை முந்தலாம், உங்களை முந்த வருகிறவரைக் கண்ணாடியில் சரியாகக் கணிக்கவும் கற்றுக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட் வேலையாக ஏ3-இல் ஃப்ராங்க்ஃபர்ட் துணைத் தூதரகத்துக்குப் போகிறவர்கள், லிம்பர்க் அருகே எல்ட்ஸ் இறக்கத்தில் 100 என்ற பலகையை மதியுங்கள். அங்கே இருக்கிற கேமரா ஜெர்மனி முழுக்கப் பேர் வாங்கியது.

12. குடும்பத்தோடு போகும் நாள் வேறு. ஹாம் தேர்த்திருவிழாவுக்குப் போக, கொலோனைத் தாண்டி ஏ1 பிடித்து, காமன் சந்திப்பில் ஏ2-க்கு மாற வேண்டும். ஏறத்தாழ 140 கி.மீ. ஐந்து பேர், டிக்கியில் புளியோதரை அண்டா, அர்ச்சனைத் தட்டு. தனியாகப் போகும்போது சட்டென்று வேகம் பிடித்த அதே கார் அன்றைக்கு மூச்சு வாங்கும். டயர் காற்றை முழுச் சுமைக்கான அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு கதவின் ஓரத்திலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும். எப்போதும் முந்துகிற இடைவெளியில் அன்றைக்கு முந்தாதீர்கள். பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும், அதைக் காதில் வாங்காதீர்கள்.

13. எங்கே பழகுவது? நம் வாசலிலேயே இருக்கிறது, கொலோனையும் பானையும் இணைக்கிற ஏ555. அன்றைய கொலோன் மேயர் கொன்ராட் அடேனவர் 1932 ஆகஸ்ட் 6-இல் திறந்துவைத்த 20 கிலோமீட்டர். குறுக்குச் சாலையே இல்லாமல் காருக்கென்று போட்ட சாலை. அதில் அனுமதித்த வேகம் 120. அன்றைய கார்களில் பெரும்பாலானவை அதில் பாதியைத் தாண்டவே திணறின. நடுவில் தடுப்பும் கிடையாது. அடுத்த வருடம் ஆட்சிக்கு வந்த நாஜிகள், முதல் ஆட்டோபானைக் கட்டிய பெயர் தங்களுக்கு வேண்டும் என்று இதைச் சாதாரணச் சாலையாக இறக்கிவிட்டார்கள். அதே அடேனவர் பின்னாளில் பானிலிருந்து நாட்டை ஆண்டார். பான் தலைநகராக இருந்த நாட்களில் தூதர்களின் கார்கள் பறந்ததால் இதற்குத் தூதர் பந்தயச் சாலை என்று கேலிப் பெயரும் வந்தது.

பழக இது தோதான சாலை. இரண்டு முனையிலும் வட்டச் சந்திப்பு. இங்கே பான் முனையில், பாட்ஸ்டாமர் பிளாட்ஸில் ஏறி, கொலோன் தெற்கு வட்டத்தில் சுற்றித் திரும்பிவிடலாம். வழி தவறும் பயம் இல்லை. ஞாயிறு காலையில் கிளம்புங்கள். இரவு 10 மணி வரை கனரக லாரிகளுக்குத் தடை என்பதால் வெசலிங் ஆலைகள் பக்கம் டேங்கர் தொல்லை இருக்காது. ஒரே பயிற்சிதான்: விலகு, கட, திரும்பு. வேகத்தைப் பார்க்க வேண்டாம், கண்ணாடியைப் பாருங்கள். பெட்ரோலை முந்தின நாளே ஊருக்குள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோபான் பங்க்கில் விலை கூடுதல். டேங்க் காலியாகி ஓரமாக நின்றாலோ, அதற்கும் சேர்த்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும்.